தோல் ஏன் எலும்பாவதில்லை? கொலாஜனும் அதன் பக்கத்தில் நிற்கும் பாஸ்பரஸ் புரதங்களும்

தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை என்று எந்த ஊர் மெடிக்கல் ஷாப்புக்குப் போனாலும் இப்போது கொலாஜன் பவுடர் டப்பா கண்ணில் படுகிறது. தோல் சுருக்கம் போகும், முடி வளரும், மூட்டு வலி குறையும், எலும்பு பலப்படும் என்று ஒரே டப்பாவில் நான்கு வாக்குறுதிகள். படிக்கிறவருக்கு நியாயமான குழப்பம் வரும். எலும்பு என்றால் கால்சியம் என்றுதானே பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள், புரதம் எங்கிருந்து வந்தது? தோலுக்கும் எலும்புக்கும் எப்படி ஒரே சரக்கு?

தோலிலும் எலும்பிலும் பெரும்பங்கு இருப்பது உண்மையிலேயே ஒரே நார்ப் புரதம்தான், அதுதான் கொலாஜன். மிருதங்கத்தின் இரண்டு முகங்களையும் இழுத்துக் கட்டியிருக்கும் எருமைத்தோல் வாரில் இருப்பதும் அதுதான், நம் தொடை எலும்பில் இருப்பதும் அதுதான். ஒன்று வளைந்து கொடுக்கிறது, மற்றொன்று கல்லாக நிற்கிறது. இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால், விளம்பரங்களில் பெயரே வராத வேறு சில புரதங்களிடம் போய்ச் சேருவோம். கொலாஜனைப் பற்றிப் பேசுகிறவர்கள் அவற்றை விட்டுவிடுவதால்தான் பாதிக் குழப்பம்.

## எலும்பைப் பிரித்துப் பார்த்தால்

எடைக்கணக்கில் எலும்பின் ஏறக்குறைய 65 சதவீதம் தாது உப்பு, 25 சதவீதம் கரிமப் பொருள், மீதி தண்ணீர். அந்தக் கரிமப் பொருளில் சுமார் 90 சதவீதம் கொலாஜன். பல்லின் உட்பகுதியான பற்தந்தினியும் கிட்டத்தட்ட இதே கலவைதான். தாது 70 சதவீதம். பல்லின் மேல்பூச்சான எனாமல் மட்டும் தனி ஜாதி. அதில் 96 சதவீதம் தாது, கொலாஜன் கிடையவே கிடையாது.

தாது என்று சொல்வது கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த ஹைட்ராக்ஸி அபடைட் என்ற படிகம். அதில் 10 கால்சியத்துக்கு 6 பாஸ்பேட். எலும்பில் இருப்பது அதன் கொஞ்சம் அழுக்கான வடிவம். பாஸ்பேட் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்காங்கே கார்பனேட் நுழைந்திருக்கும். நண்டு ஓடும் கிளிஞ்சலும் வேறு வகை. அவை கால்சியம் கார்பனேட். அதனால்தான் கிளிஞ்சலைச் சுட்டால் வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பு கிடைக்கிறது, எலும்பைச் சுட்டால் கிடைப்பதில்லை.

இரண்டு பொருளும் என்ன வேலை செய்கின்றன என்பதை வீட்டிலேயே பார்க்கலாம். கோழிக்கால் எலும்பு ஒன்றை வினிகரில் சில நாள் ஊறவையுங்கள். அமிலம் தாதுவைக் கரைத்துவிடும். வடிவம் மாறாது, ஆனால் ரப்பர் போல வளையும். வெளியே எடுத்தால் கையில் இருப்பது கிட்டத்தட்ட கொலாஜன் மட்டுமே.

இதற்கு நேர் எதிரான சோதனையை டெல்டாவில் எல்லாக் குடும்பமும் பார்த்திருக்கிறது. தகனத்துக்கு மறுநாள் பால் தெளித்துவிட்டுப் பொறுக்கி எடுத்து, காவிரியிலோ பூம்புகார் கடலிலோ கரைக்கும் அஸ்தி. அஸ்தி என்ற சொல்லுக்கே எலும்பு என்றுதான் பொருள். நெருப்பில் கொலாஜன் முழுவதும் எரிந்துபோக, தாது மட்டும் வெள்ளையாக மிஞ்சுகிறது. எலும்பின் உருவம் அப்படியே இருக்கும். விரலால் அழுத்தினால் நொறுங்கிவிடும்.

அதாவது, தாது அழுத்தத்தைத் தாங்குகிறது. கொலாஜன் இழுவையைத் தாங்கி, உடையாமல் காக்கிறது.

## மூன்று புரிக் கயிறு

கொலாஜனில் இருபதுக்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. எலும்பு, பல், தசைநார், தோல் ஆகியவற்றில் பெரும்பான்மை ஒன்றாம் வகை. இதன் ஒரு மூலக்கூறு மூன்று சங்கிலிகள் சேர்ந்து முறுக்கிய கயிறு. ஒவ்வொரு சங்கிலியிலும் ஆயிரத்துக்கும் சற்று அதிகமான அமினோ அமிலங்கள். அவற்றில் ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் தவறாமல் கிளைசின் உட்கார்ந்திருக்கும். அமினோ அமிலங்களிலேயே மிகச் சிறியது அதுதான். மூன்று சங்கிலிகளும் நெருங்கும் நடு அச்சில் வேறு எதற்கும் இடம் கிடையாது.

தேங்காய் நார்க் கயிறு திரிப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்த அமைப்பு உடனே புரியும். புரியை ஒரு பக்கம் முறுக்கி, புரிகளைச் சேர்த்துக் கயிறாக்கும்போது எதிர்ப்பக்கம் முறுக்குவார்கள், அப்போதுதான் அவிழாது. கொலாஜனின் தனிச் சங்கிலி இடப்பக்கம் சுழல்கிறது, மூன்றும் சேர்ந்த கயிறு வலப்பக்கம் சுழல்கிறது.

இந்த மும்முறுக்கு அமைப்பை 1954-ல் சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் வெளியிட்டார்கள். அடுத்த ஆண்டே அதைத் திருத்தி மேம்படுத்தினார்கள். அவர்களுக்குத் தெளிவான எக்ஸ்ரே படம் கொடுத்தது கங்காரு வாலின் தசைநார். சென்னை மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்தின் அரங்கத்துக்கு இன்றும் ‘ட்ரிப்பிள் ஹெலிக்ஸ்’ என்றுதான் பெயர். தோல் பதனிடும் தொழிலும் எலும்பு மருத்துவமும் நம்பியிருக்கும் இந்த உண்மை தமிழ்நாட்டில் கண்டுபிடிக்கப்பட்டது என்பதை நம் பாடப்புத்தகங்கள் இன்னும் உரக்கச் சொல்ல வேண்டும்.

கயிறு இறுக்கமாக நிற்க இன்னொரு ஏற்பாடும் தேவை. சங்கிலியில் உள்ள புரோலின் பலவற்றின் மேல் ஒரு ஹைட்ராக்ஸி தொகுதி ஒட்ட வேண்டும். ஒட்டும் நொதிக்கு இரும்பும் வைட்டமின் சியும் வேண்டும். இந்த ஹைட்ராக்ஸி புரோலின் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு வெப்பத்தைக் கயிறு தாங்கும். குளிர்கடலில் வாழும் காட் மீனின் கொலாஜன் சுமார் 15 டிகிரி செல்சியஸிலேயே பிரிந்துவிடுகிறது. ஆடு, மாடு, மனிதர்களுடையது உடல் வெப்பம் வரை தாங்குகிறது. நம் ஆற்றுக் கெண்டையுடையது இரண்டுக்கும் இடையில் வரும். பிராணி வாழும் சூட்டுக்கு ஏற்றபடி கயிறு திரிக்கப்பட்டிருக்கிறது.

ஒரு மூலக்கூறின் நீளம் சுமார் 300 நானோமீட்டர், தடிமன் 1.5 நானோமீட்டர். இவை பக்கம் பக்கமாக அடுக்கும்போது வரிசைக்கு வரிசை 67 நானோமீட்டர் தள்ளி நிற்கின்றன. மேஸ்திரி செங்கல் வைக்கும்போது கீழ் வரிசை மூட்டுக்கு நேராக மேல் வரிசை மூட்டு வராமல் தள்ளி வைப்பது போல. ஆனால் ஒரு வித்தியாசம்: ஒரே வரிசையில் ஒரு மூலக்கூறு முடிந்து அடுத்தது தொடங்கும் முன் சுமார் 40 நானோமீட்டர் காலியாக இருக்கும். இந்தச் சந்துகளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தாது முதலில் வந்து குடியேறுவது இங்கேதான்.

## நம் ரத்தம் ஏன் உறைந்து கல்லாகவில்லை?

வேதாரண்யம் உப்பளத்தில் உப்பு நீரைப் பாத்தியில் தேக்கி, வெயிலில் சுண்டவிட்டு, கரைசல் இனித் தாங்காது என்ற நிலைக்குக் கொண்டுவந்த பிறகுதான் உப்பு பூக்கிறது. நம் உடலின் திரவங்களோ ஹைட்ராக்ஸி அபடைட்டைப் பொறுத்தவரை எப்போதுமே அந்த நிலையைத் தாண்டித்தான் இருக்கின்றன. சுண்டவிட வேண்டிய அவசியமே இல்லை. கணக்குப்படி பார்த்தால் ரத்தக் குழாய், தோல், தசைநார் என்று கொலாஜன் இருக்கும் இடமெல்லாம் கல் விளைய வேண்டும்.

எனவே சரியான கேள்வி, எலும்பில் ஏன் தாது சேருகிறது என்பது மட்டுமல்ல, மற்ற இடங்களில் ஏன் சேராமல் இருக்கிறது என்பதும்தான். உடல் முழுக்கத் தடுப்பாளர்களை நிறுத்தி வைத்திருக்கிறது. வேண்டிய இடத்தில் மட்டும் தடையை எடுக்கிறது. முக்கியமான மூன்று தடுப்பாளர்கள்:

1. பைரோபாஸ்பேட். இரண்டு பாஸ்பேட் சேர்ந்த சிறிய மூலக்கூறு. வளரும் படிகத்தின் மேல் ஒட்டிக்கொண்டு வளர்ச்சியை நிறுத்திவிடும். எலும்பு செல்களின் மேல் இருக்கும் ஆல்கலைன் பாஸ்படேஸ் நொதி இதை உடைக்கிறது. ரத்தப் பரிசோதனைச் சீட்டில் ‘ஏ.எல்.பி.’ என்று பார்ப்பீர்களே, அந்த எண்ணில் எலும்பிலிருந்து வரும் இந்த நொதியும் சேர்ந்திருக்கிறது. பிறவியிலேயே இது குறைவாக இருந்தால் எலும்பில் தாது சரியாகச் சேராது.

2. மேட்ரிக்ஸ் கிளா புரதம். ரத்தக் குழாய்ச் சுவரைக் காப்பது. 1997-ல் இது இல்லாத எலிகளை உருவாக்கிப் பார்த்தபோது அவற்றின் பெருநாடியே கால்சியம் படிந்து இறுகி, இரண்டு மாதத்துக்குள் இறந்துபோயின. இந்தப் புரதம் வேலை செய்ய வைட்டமின் கே வேண்டும்.

3. ஃபெட்யூயின். கல்லீரல் தயாரித்து ரத்தத்தில் அனுப்புவது. இது உருவில் பெரியது. கொலாஜன் நாருக்குள் சிறிய மூலக்கூறுகள் நுழையலாம், சுமார் 40,000 டால்டனுக்கு (மூலக்கூறின் எடையைச் சொல்லும் அலகு) மேற்பட்டவை நுழைய முடியாது. ஃபெட்யூயின் அந்த அளவைத் தாண்டியது. ஆகவே நாருக்கு வெளியே படிகம் வளராமல் தடுக்கிறது. உள்ளே போக முடியாததால் உள்ளே தடை இல்லை. நாரே ஒரு சல்லடை.

வான்கோழியின் காலில் இருக்கும் தசைநார் வயதாக ஆகத் தானாகவே தாது ஏறி இறுகிவிடும். அதே கொலாஜன், அதே பறவை. குஞ்சில் மென்மை, வளர்ந்ததும் கெட்டி. மாறுவது சுற்றியிருக்கும் புரதங்களும் செல்களும்.

## பாஸ்போ புரதம் என்றால் என்ன?

‘பாஸ்போ’ என்ற சொல் டெல்டா விவசாயிகளுக்குப் புதிதல்ல. அடியுரமாகப் போடும் டிஏபியில் உள்ள பாஸ்பேட்டைச் சுண்ணாம்புச் சத்துள்ள மண் பிடித்துக்கொள்ளும், பயிருக்குக் கிடைக்காது. பாஸ்போ பாக்டீரியா அமிலம் சுரந்து அதை விடுவிக்கும். பாஸ்பேட்டுக்கும் கால்சியத்துக்கும் உள்ள அந்த விடாப்பிடிதான் எலும்பிலும் நடக்கிறது. எலும்பைக் கரைக்கும் செல்களும் அதே வழியில்தான் போகின்றன: முதலில் அமிலம் விட்டுத் தாதுவைக் கரைத்து, பிறகு கெதெப்சின் கே என்ற நொதியால் கொலாஜனை அறுக்கின்றன.

புரதத்தில் உள்ள சீரின் என்ற அமினோ அமிலத்தின் மேல் ஒரு பாஸ்பேட் ஒட்டினால், அந்த இடத்துக்கு எதிர்மின்னூட்டம் வந்துவிடும். கால்சியம் நேர்மின்னூட்டம் உடையது. அப்படிப் பாஸ்பேட் தாங்கிய புரதம்தான் பாஸ்போ புரதம். செல்லிலிருந்து வெளியே அனுப்பப்படும் புரதங்களில் பாஸ்பேட்டை ஒட்டும் நொதி எது என்பது நீண்ட காலம் புதிராக இருந்தது. 2012-ல்தான் ஃபேம்20சி என்ற நொதி அடையாளம் காணப்பட்டது. அது பழுதானால் வரும் ரெயின் நோயில் சில இடங்களில் எலும்பு மிதமிஞ்சி இறுகும். இவ்வளவு சிறிய ஒட்டுவேலை தவறினால் எலும்புக்கூடே தாறுமாறாகிவிடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

எலும்பு, பல் சார்ந்த பாஸ்போ புரதங்களில் ஐந்து பேர் கொண்ட ஒரு குடும்பம் உண்டு. ஐந்து மரபணுக்களும் நான்காம் குரோமோசோமில் அடுத்தடுத்து இருக்கின்றன. ஆஸ்டியோபான்டின், எலும்பு சியாலோ புரதம், டிஎம்பி-1, எம்இபிஇ, டிஎஸ்பிபி. எல்லாவற்றையும் விரித்தால் கட்டுரை நீளும். கடைசியாகச் சொன்னதை மட்டும் பார்ப்போம், ஏனென்றால் விஷயம் அதில்தான் மிகத் தெளிவாகத் தெரிகிறது.

டிஎஸ்பிபி மரபணுவிலிருந்து வரும் பெரிய புரதம் துண்டாகும்போது கிடைப்பது பாஸ்போஃபோரின். பற்தந்தினியில் இருப்பது. 1967-ல் ஆர்தர் வைஸ் குழுவினர் இதைத் தனியே அடையாளம் காட்டினார்கள். இதன் அமினோ அமிலங்களில் நான்கில் மூன்று பங்கு அளவுக்கு இரண்டே வகை: சீரின், அஸ்பார்டிக் அமிலம். சீரின்களில் பெரும்பாலானவற்றின் மேல் பாஸ்பேட். உடலில் இதைவிட அதிக எதிர்மின்னூட்டம் கொண்ட புரதத்தைக் காண்பது அரிது.

பல் உருவாகும்போது செல்கள் முதலில் வெறும் கொலாஜனைப் போடுகின்றன. 10 முதல் 40 மைக்ரோமீட்டர் வரை தடிமனுள்ள இந்த அடுக்கில் தாது இருக்காது. பாஸ்போஃபோரின் இந்த அடுக்கில் தங்காமல் தாண்டிச் சென்று, தாது படியத் தொடங்கும் விளிம்பில்தான் சேர்கிறது. நடவு முடிந்த வயல் முழுக்கத் தண்ணீர் விடாமல், மடையைக் குறிப்பிட்ட பாத்தியில் மட்டும் திறப்பது போன்ற கட்டுப்பாடு.

## ஒரே புரதம், இரண்டு குணம்

பாஸ்போஃபோரினைக் கொலாஜன் நாரோடு பிணைத்துவிட்டால் படிகத்துக்கு அது வித்தாகிறது. கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் ஒழுங்காக நிறுத்திப் படிகம் தொடங்க இடம் கொடுக்கிறது. அதே புரதம் கரைசலில் தனியாக மிதந்தால் படிக வளர்ச்சியைத் தடுக்கிறது. ஆஸ்டியோபான்டினும் இப்படித்தான்: படிகத்தின் முகத்தில் ஒட்டி வளர்ச்சியை அடக்குகிறது. சிறுநீரகக் கல்லுக்குள்ளும் அதைக் காணலாம்.

பனங்கற்கண்டு செய்கிறவர்கள் பாகில் நூல் கட்டுவார்கள். நூல் இருக்கும் இடத்தில் கற்கண்டு பிடிக்கும். பாஸ்போ புரதம் ஒட்டிய கொலாஜன், நூல் மாதிரி. ஆனால் இந்த ஒப்புமை ஓர் இடத்தில் நின்றுவிடும். கற்கண்டு நூலுக்கு வெளியே கட்டுகிறது. எலும்பில் முக்கியமான படிகங்கள் நாருக்கு உள்ளே கட்டுகின்றன.

அது எப்படி என்பது கடந்த இருபத்தைந்து ஆண்டுகளில்தான் தெளிவாகி வருகிறது. அமிலத்தன்மையுள்ள புரதங்கள் கால்சியம் பாஸ்பேட்டைப் படிகமாகவிடாமல், கூழ் போன்ற ஒழுங்கற்ற நிலையில் பிடித்து வைக்கின்றன. அந்தக் கூழ், கொலாஜனின் சந்துகளுக்குப் பக்கத்தில் உள்ள நேர்மின்னூட்ட இடங்கள் வழியாக உள்ளே இழுக்கப்படுகிறது. உள்ளே போன பிறகு படிகமாகிறது. நாரின் நீளவாக்கில் வரிசையாக நிற்கும் அந்தத் தகடுகளின் தடிமன் 2 முதல் 4 நானோமீட்டர்தான். முதலில் தடுப்பது, பிறகு உள்ளே விட்டு இறுகவைப்பது: இரண்டையும் செய்வது ஒரே வகைப் புரதங்கள்.

பாலிலும் இதே தந்திரம்தான். ஒரு லிட்டர் பசும்பாலில் ஒரு கிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. வெறும் தண்ணீரில் இவ்வளவு கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் போட்டால் அடியில் சுண்ணாம்பு போல் படிந்துவிடும். பாலில் படியாமல் இருப்பதற்குக் காரணம் கேசீன், அதுவும் ஒரு பாஸ்போ புரதம். மரபணு வழியிலும் கேசீனும் பல், எலும்பு சார்ந்த பாஸ்போ புரதங்களும் ஒரே மூதாதையிலிருந்து கிளைத்தவை என்று ஒப்பீட்டு ஆய்வுகள் காட்டுகின்றன. தாய்ப்பாலில் கன்றின் எலும்புக்கான சரக்கைக் கரைந்த நிலையில் கொண்டுபோவதும், எலும்பில் அதை இறக்கி வைப்பதும் ஒரே குடும்பத்தின் வேலை.

## எங்கே தவறினால் என்ன நோய்?

1. கொலாஜன் திரிக்கும் இடத்தில் தவறினால்: வைட்டமின் சி இல்லாவிட்டால் ஸ்கர்வி. ஈறு ரத்தம் கசியும், பழைய காயம் பிரியும். கிளைசின் இருக்க வேண்டிய இடத்தில் மரபணுப் பிழையால் வேறு அமினோ அமிலம் வந்தால், பிறவி எலும்பு நொறுங்கு நோய். ஒரே ஓர் எழுத்துப் பிழை போதும்.

2. கொலாஜன் சரி, தாது வரவில்லை என்றால்: வைட்டமின் டி குறைவால் குழந்தைகளுக்கு ரிக்கெட்ஸ், பெரியவர்களுக்கு எலும்பு மென்மை நோய். சில குடும்பங்களில் சிறுநீரில் பாஸ்பேட் வீணாகப் போவதால் இதே நிலை வரும். அவர்களுக்குக் கால்சியம் மாத்திரை மட்டும் கொடுத்துப் பயனில்லை.

3. டிஎஸ்பிபி மரபணு பழுதானால்: பற்கள் பழுப்பும் நீலமும் கலந்து பளபளக்கும். எனாமல் நன்றாக இருந்தும் அடியில் பற்தந்தினி பலமில்லாததால் உதிர்ந்துவிடும். வெற்றிலைக் கறை என்றோ, பல் துலக்காதது என்றோ பிள்ளைகளைத் திட்டுவதற்கு முன் பல் மருத்துவரிடம் காட்டுவது நல்லது.

4. தாது சரி, கொலாஜன் கெட்டிருந்தால்: நம் ஊரில் அதிகம் பேச வேண்டியது இதுதான். டெக்ஸா ஸ்கேன் அளப்பது தாதுவின் அடர்த்தியை மட்டும். கொலாஜனின் தரம் அதில் தெரியாது. சர்க்கரை நோய் பல ஆண்டு இருந்தால், ரத்தத்தில் மிஞ்சிய சர்க்கரை கொலாஜன் நார்களோடு வினைபுரிந்து வேண்டாத பிணைப்புகளை உண்டாக்குகிறது. நார் விறைத்துவிடும். அதனால் இரண்டாம் வகை சர்க்கரை நோயாளிக்கு ஸ்கேன் ‘நார்மல்’ என்று வந்தாலும் எலும்பு முறியும் ஆபத்து, அதே அடர்த்தியுள்ள மற்றவர்களைவிட அதிகம்.

## சரி, பவுடரும் ஆட்டுக்கால் சூப்பும்?

சாப்பிட்ட கொலாஜன் கொலாஜனாகவே எலும்புக்குப் போய்ச் சேராது. குடலில் அது அமினோ அமிலங்களாகவும் இரண்டு மூன்று சேர்ந்த சிறு துண்டுகளாகவும் உடைகிறது. ஹைட்ராக்ஸி புரோலின் உள்ள சில துண்டுகள் ரத்தத்தில் தென்படுவது உண்மை. ஆனால் எந்தச் சங்கிலியை எங்கே திரிப்பது, எங்கே பாஸ்பேட்டை ஒட்டுவது, எந்தத் தடையை எப்போது எடுப்பது என்பதெல்லாம் செல்லின் முடிவு. பவுடரில் அந்தக் கட்டளை இல்லை. மேலும் கொலாஜனில் டிரிப்டோஃபேன் என்ற அமினோ அமிலம் கிடையாது. அதை மட்டும் நம்பினால் முழுமையான புரதம் கிடைக்காது. பருப்பும் முட்டையும் வாங்குகிற காசில் டப்பா வாங்குவதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

எலும்பு முறிந்தவருக்கு ஆட்டுக்கால் சூப் கொடுப்பது நம் வழக்கம். நீண்ட நேரம் கொதிக்கும்போது மும்முறுக்குக் கயிறு பிரிந்து ஜெலட்டினாகிறது. ஃப்ரிட்ஜில் வைத்தால் சூப் கட்டிக்கொள்வது அதனால்தான். உப்பும் சூடும் தெம்பும் உள்ள நல்ல உணவு அது, குடிக்கட்டும். ஆனால் எலும்பின் தாது வெந்நீரில் அதிகம் கரைவதில்லை, அமிலத்தில்தான் கரையும். ஆகவே சூப்பில் கால்சியம் நாம் நினைப்பதைவிட மிகக் குறைவு.

முள்ளோடு மென்று சாப்பிடும் நாகப்பட்டினத்து நெத்திலியில் கால்சியம், பாஸ்பேட், முழுமையான புரதம் மூன்றும் ஒன்றாகக் கிடைக்கின்றன. மென்று விழுங்கிய முள்ளின் தாதுவைக் கரைக்கும் அமிலம் வயிற்றில் ஏற்கெனவே இருக்கிறது. மீன் சாப்பிடாத வீட்டில் அந்த இடத்தைப் பாலும் தயிரும் பருப்பும் கேழ்வரகும் சேர்ந்து நிரப்பும். கொலாஜன் கயிறு திரிக்கத் தேவையான வைட்டமின் சிக்கு ஒரு நெல்லிக்காயோ கொய்யாவோ போதும்.